தீக்காயம் பட்ட ஏழு வயசுப் பிள்ளைக்கு பிராப்ரனலால் எதுக்கு? சர்க்கரை ஏன் ஏறுது?

நெல்லை_கோமதி:

வணக்கம். என் அண்ணன் மகளுக்காகக் கேக்குறேன். திருக்கார்த்திகை அன்னிக்கு வாசல்ல விளக்கு வைக்கையில நைலான் பாவாடையில தீ பிடிச்சிருச்சு. ரெண்டு காலு, வயிறு, இடது கை, முதுகுல கொஞ்சம். 42 பெர்சென்ட்னு எழுதியிருக்காங்க. ரெண்டு தடவை தோல் எடுத்து ஒட்டியாச்சு, மூணாவது தடவை வர்ற வியாழக்கிழமை. உயிருக்கு ஆபத்தில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு, சாமி புண்ணியம்.

இப்ப எங்களுக்குப் புரியாதது நாலு விஷயம்.

காயம் ஆறிக்கிட்டு வருது, ஆனா பிள்ளை உருகிக்கிட்டே போகுது. முன்னாடி 21 கிலோ, இப்ப 17.5. மூக்குக் குழாய் வழியா பால் மாதிரி ஒண்ணு ராத்திரி பூரா போகுது, பகல்ல வாயாலயும் சாப்பிடுது. அப்படியும் தோள் எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. மானிட்டர்ல நாடித்துடிப்பு தூங்கும்போதுகூட 150. காய்ச்சல் 101 அடிக்குது, ரத்தத்துல கிருமி இல்லைங்காங்க.

முதல் ரெண்டு வாரம் சர்க்கரை 250 தாண்டுச்சுன்னு இன்சுலின் போட்டாங்க, இன்னும் கொஞ்சம் போகுது. எங்க வம்சத்துலயே யாருக்கும் சர்க்கரை கிடையாது.

வயித்து ஸ்கேன்ல கல்லீரல் பெருசா இருக்கு, கொழுப்பு படிஞ்சிருக்குன்னு வந்திருக்கு. 17 கிலோ பிள்ளைக்கு ஃபேட்டி லிவரா?

முந்தாநாள் பிராப்ரனலால்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சாங்க. அது எங்க மாமியார் நெஞ்சுப் படபடப்புக்குப் போடுற மாத்திரை! அண்ணி அழுது தீர்க்குறா, பிள்ளைக்கு இருதயத்துலயும் கோளாறு வந்திருச்சுன்னு. ரவுண்ட்ஸ்ல டாக்டர் ரெண்டு நிமிசம்தான் நிக்காரு, கேக்கப் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மணப்பாறை_முத்து:

தங்கச்சி, முதல்ல அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைக்கு பிரஷர் மாத்திரை குடுத்தா மயங்கிரும். உடம்பு தேற நாட்டுக்கோழி சூப்பும் வெள்ளாட்டுக் கால் சூப்பும் போதும். இங்கிலீஷ் மருந்து சூடு.

மருந்துக்கடை_சேது:

முத்து அண்ணே, நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்டால் பிள்ளைக்குக் கெடுதல்.

கோமதிம்மா, நான் டாக்டர் இல்லை. தீக்காய வார்டு இருக்கிற ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வார்டுக்குப் போகிற ஒவ்வொரு சீட்டும் என் கையைத் தாண்டித்தான் போனது. ஒரே சீட்டில் இன்சுலினும் பிராப்ரனலாலும் வைட்டமின் டி-யும் சேர்ந்து வந்தால் பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், பெரிய தீக்காயம், மூன்றாவது நாலாவது வாரம் என்று. நீங்கள் எழுதிய நாலும் தனித்தனி நோய் இல்லை. ஒரே கோளாறுதான்.

உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்துவிட்டால் அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் இந்த மூன்றும் எகிறிவிடும். ஆபத்து நேரத்தில் ஓடித் தப்பிக்க உடம்பு சுரக்கிற சரக்கு அது. நமக்குப் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். தீக்காயத்தில் அடங்காது, மாதக் கணக்கில் ஓடும். ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோவை முழு ஆக்சிலரேட்டரில் முறுக்கி வைத்த மாதிரி, வண்டி நகராது, பெட்ரோல் மட்டும் தீரும். தூங்கும்போதும் 150 துடிப்பு, கிருமி இல்லாத காய்ச்சல் எல்லாம் அதுதான்.

40 சதவீதத்துக்கு மேல் எரிந்தவர்கள் சும்மா படுத்திருக்கும்போதே எவ்வளவு எரிபொருள் செலவழிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து கல்வெஸ்டன் ஊரில் அளந்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகளுக்கென்றே ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனை இருக்கிறது, டேவிட் ஹெர்ன்டன் என்ற அறுவை மருத்துவர் பல வருடம் நடத்தினார். இந்த விஷயத்தில் உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஓர் இடத்திலிருந்து வந்ததுதான். சேர்ந்த புதிதில் வழக்கமான செலவில் 180 சதவீதம். காயம் முழுக்க மூடிய பிறகும் 150. ஆறு மாதத்தில் 140, ஒன்பதில் 120, ஒரு வருடம் கழித்தும் 110. அதாவது தோல் ஆறினாலும் உள்ளே ஆறவில்லை. "காயம் ஆறுது, பிள்ளை உருகுது" என்று எழுதினீர்களே, அதன் கணக்கு இது.

இவ்வளவு எரிபொருளுக்கு உடம்பு எங்கே போகும்? தசையைக் கரைக்கும். கரைந்த தசையைக் கல்லீரல் சர்க்கரையாக்கி ரத்தத்தில் கொட்டும். அதே ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாது. அதனால்தான் 250. நாம் சொல்கிற சர்க்கரை வியாதி இல்லை, வம்சத்தைத் தேட வேண்டாம். பெரும்பாலும் காயம் மூட மூட இறங்கிவிடும், சிலருக்குக் கூடுதலாக நீடிக்கும், அதனால் வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றிரண்டு தடவை பார்ப்பார்கள்.

தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பையும் அட்ரினலின் உருக்கி ரத்தத்தில் விடும். வந்து குவிகிற இடம் கல்லீரல். பிள்ளை எலும்பும் தோலுமாக, கல்லீரல் மட்டும் கொழுத்து இரு மடங்காகக்கூட ஆவது பெரிய தீக்காயத்தில் வழக்கமாகப் பார்க்கிறதுதான். ஸ்கேன் பொய் சொல்லவில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். பிராப்ரனலால் செய்கிற ஒரே வேலை அட்ரினலின் போய் உட்காருகிற இடத்தை அடைப்பது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்தது, 1988-ல் அவருக்கு நோபல். உங்கள் மாமியாருக்கு அது படபடப்பை அடக்குகிறது. பிள்ளைக்கு அடக்க வேண்டியது தசை கரைவதையும் கொழுப்பு உருகுவதையும். இருதயத்தில் கோளாறு என்பதற்காகக் கொடுக்கவில்லை என்று அண்ணியிடம் முதலில் சொல்லுங்கள். துடிப்பைப் பார்ப்பது மருந்து போதுமான அளவு சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள. 15, 20 சதவீதம் குறைந்தால் சரி என்று வைத்துக்கொள்வார்கள்.

2001-ல் ஹெர்ன்டன் குழு 25 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு இது. 13 பேருக்கு இந்த மருந்து, 12 பேருக்கு இல்லை. எல்லாருக்கும் 40 சதவீதத்துக்கு மேல் தீக்காயம். மருந்து இல்லாதவர்கள் கொழுப்பு நீங்கலான உடல் எடையில் சுமார் 9 சதவீதம் இழந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்கள் 1 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான். பிறகு 2012-ல் அதே ஊரில் சுமார் 180 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, கிலோவுக்கு நாளைக்கு 4 மில்லிகிராம் என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பும் எரிபொருள் செலவும் வயிற்றுக் கொழுப்பும் குறைந்தது. இந்த அளவைக் கேட்டு உங்கள் பிள்ளைக்குக் கணக்குப் போடாதீர்கள், குறைவாக ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுவதுதான் முறை.

சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்பதற்கும் ஒரு வார்த்தை. கைக்குழந்தைகளுக்கு வருகிற சிவப்பு ரத்தக்குழாய்க் கட்டி இந்த மருந்தில் சுருங்குவதை 2008-ல் பிரான்ஸில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். மாதக் கணக்கு வயதுள்ள சிசுக்களுக்கே இப்போது கொடுக்கிறார்கள்.

ஆனால் விளையாட்டு மருந்தும் இல்லை. நீங்கள் நர்ஸிடம் சொல்ல வேண்டியவை இவை. பிள்ளைக்கு எப்போதாவது இளைப்பு, வீசிங் வந்திருக்கிறதா? வந்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம், இந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கும். இரண்டாவது, வியாழக்கிழமை ஆபரேஷன் என்கிறீர்கள். அதற்கு முன்னால் குழாய்ப் பாலை நிறுத்துவார்கள். பால் நின்று, இன்சுலினும் இந்த மாத்திரையும் நிற்காவிட்டால் சர்க்கரை படக்கென்று இறங்கும். சாதாரணமாகச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். இந்த மருந்து அந்த இரண்டையும் மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. சில்லென்று வேர்த்து, கூப்பிட்டால் சோர்ந்து பார்த்தால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "பால் நிறுத்தும்போது இன்சுலினையும் மாத்திரையையும் என்ன செய்வீங்க, குளுக்கோஸ் டிரிப் போடுவீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நெல்லை_கோமதி:

ஐயா, படிச்சு அண்ணிக்குச் சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். அழுகை நின்னுச்சு. ஆனா வீசிங்னு எழுதினதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ரெண்டு வயசுல சளி பிடிச்சு ஒரு தடவை நெபுலைசர் வச்சோம். உடனே போய்ச் சொன்னேன். டியூட்டி டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப் வச்சுப் பாத்துட்டு, அதுக்கப்புறம் வந்ததே இல்லையான்னு நாலு தடவை கேட்டாங்க. இல்லைன்னேன். மாத்திரை தொடரட்டும், ஒவ்வொரு வேளைக்கும் முன்னாடி நெஞ்சு கேட்டுட்டுக் குடுப்போம்னு கேஸ் ஷீட்ல சிவப்பு மையில எழுதிட்டாங்க.

இன்னொண்ணு. துபாய்ல இருக்குற எங்க சித்தப்பா மகன் ஆக்ஸாண்ட்ரலோன்னு ஒரு மருந்து பேரை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கான், தீக்காயப் பிள்ளைங்களுக்கு எடை கூடுமாம், வாங்கி அனுப்பட்டுமான்னு கேக்கான்.

மருந்துக்கடை_சேது:

சிவப்பு மையில் எழுதிய அந்த டாக்டரம்மா நன்றாக இருக்கட்டும்.

ஆக்ஸாண்ட்ரலோன் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள். பெயர் பொய்யில்லை. ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த தசை வளர்ப்பு மருந்து, தீக்காயத்தில் நிறைய ஆராய்ந்தார்கள். 2006-ல் பெரியவர்களிடம் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்கள் குறைந்தன. குழந்தைகளிடம் எலும்பும் உயரமும் தேறியதாகக் கல்வெஸ்டன்காரர்கள் எழுதினார்கள். 2013-ல் ஐரோப்பிய ஊட்டச்சத்துக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலில்கூட பிராப்ரனலால் வகையோடு சேர்த்து இதையும் பரிந்துரைத்தது. ஆனால் கல்லீரல் நொதிகள் ஏறும், பெண் பிள்ளைக்குக் குரல் தடிக்கலாம், முடி வளரலாம். ஏற்கெனவே கல்லீரல் வீங்கிய பெண் பிள்ளைக்கு, ஜிம் பையன்கள் வாங்குகிற வழியில் வந்த மாத்திரையா? 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதற்கான ஒப்புதலை விலக்கிக்கொண்டது. பார்சலில் வருகிற மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பது அனுப்பியவனுக்கும் தெரியாது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்று இன்னொருவர் கிளம்புவார், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தோல் எடுத்த இடம் சீக்கிரம் ஆறும் என்பது உண்மை. சர்க்கரையை ஏற்றும் என்பதும் உண்மை. 1999-ல் ஐசியூவில் இருந்த பெரியவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் சாவு ஏறக்குறைய இரட்டிப்பானது. குழந்தைகளிடம் அப்படித் தெரியவில்லை என்றாலும், மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதல் 60 சதவீதத்துக்கு மேல் எரிந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதை யோசிக்கச் சொல்கிறது.

இன்சுலினிலும் இதே கதைதான். சர்க்கரையை 80 முதல் 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் நல்லது என்று 2001-ல் பெல்ஜியத்திலிருந்து ஓர் ஆய்வு வந்ததும் ஊரே அப்படிச் செய்தது. 2009-ல் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வில் இறுக்கிப் பிடித்தவர்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். தீக்காயக் குழந்தைகளில் இன்சுலின் கொடுத்தவர்களுக்குக் கிருமித்தொற்று குறைந்தது, ஆனால் சர்க்கரை ஒரு தடவை தாழ்ந்து போனவர்களின் நிலைமை மோசமாக இருந்தது. அதனால் 130, 150 என்று உங்கள் வார்டில் விட்டு வைத்திருந்தால் "ஏன் இன்னும் நார்மலாகவில்லை" என்று சண்டை போடாதீர்கள்.

திருப்பூர்_அமுதா:

கோமதி அக்கா, என் பையன் மூணு வருசம் முன்னாடி கொதிக்கிற சாம்பார் அண்டாவுல விழுந்தவன், கல்யாண வீட்டுல. அவனுக்கும் இதே மாத்திரை பத்து மாசம் குடுத்தாங்க. இப்ப மூணாங் கிளாஸ், ஓடுறான்.

யாரும் சொல்லாதது ரெண்டு சொல்றேன். வார்டுல ஏசி போடச் சொல்லி சண்டை போடாதீங்க. எங்களுக்கு வேர்த்து ஊத்தும், ஆனா அவங்க அறைய 30 டிகிரிக்கு மேலயே வச்சிருந்தாங்க. குளிருச்சுன்னா பிள்ளை உடம்பு சூடாக்கறதுக்கே சாப்பாட்டையெல்லாம் செலவழிச்சிரும்னு சிஸ்டர் சொன்னாங்க. மார்கழியில டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது ஹீட்டர் கேளுங்க. அப்புறம் உயரம். ஒரு வருசத்துக்கு மேல அவன் வளரவே இல்ல, சுவத்துல போட்ட கோடு அப்படியே இருந்துச்சு. பெரிய தீக்காயத்துல அப்படித்தான், மெதுவா பிடிக்கும்னாங்க. பிடிச்சான், ஆனா கிளாஸ்ல இன்னும் முன் பெஞ்சுதான்.

சூப்பு பத்தி எனக்கும் சந்தேகம் இருக்கு சேது ஐயா. நானும் ஊத்து ஊத்துன்னு ஊத்தினேன்.

மருந்துக்கடை_சேது:

சூப்பு ருசிக்கு நல்லது, பிள்ளை வாய் திறக்க வைக்கும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும் கொழுப்பும். கறியைப் பெரியவர்கள் தின்றுவிட்டுத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் மட்டும்தானா என்று தெரியவில்லை! கறியை மசித்துக் கொடுங்கள். தீக்காயப் பிள்ளைக்குப் புரதம் கிலோவுக்கு 3 கிராம் வரை தேவைப்படும். பழைய எடை 21 என்றால் 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். இதை வாயால் மட்டும் நிரப்ப முடியாது, அதனால்தான் ராத்திரி குழாய். "குழாயை எடுத்துடுங்க, நாங்க ஊட்டிக்கிறோம்" என்று கெஞ்சாதீர்கள். குளுக்கோஸ் பவுடரும் ஜூஸும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிக்க முடியாத மாவுச்சத்து அதே கல்லீரலில்தான் கொழுப்பாகப் படியும்.

அமுதா சொன்ன உயரத்தோடு எலும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறிய தீக்காயத் தோல் வெயிலில் நின்றாலும் வைட்டமின் டி-யைச் சரியாக உண்டாக்காது. எடுத்துத் தந்த சொட்டு மருந்தை "தெம்புக்குத்தானே" என்று மறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர், வருடக் கணக்கில் தேவைப்படுகிற மருந்து அது. டிஸ்சார்ஜ் ஆனபின் பிசியோதெரபிக்குப் போங்கள். 12 வாரம் எடை தூக்குகிற மாதிரியான பயிற்சி கொடுத்த தீக்காயக் குழந்தைகளுக்குத் தசை நன்றாகப் பிடித்ததை அந்தக் கல்வெஸ்டன்காரர்களே காட்டியிருக்கிறார்கள். வலிக்குது என்று மடியிலேயே வைத்திருந்தால் எந்த மாத்திரையும் காலில் சதை போடாது.

நெல்லை_கோமதி:

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பால் நிறுத்துன உடனே இன்சுலினை நிறுத்திட்டாங்க, குளுக்கோஸ் ஏத்துனாங்க, காலை மாத்திரையப் பாதியாக்குனாங்க. நான் கேக்குறதுக்கு முன்னாடியே மயக்க டாக்டர் செஞ்சிட்டாரு. இன்னைக்குத் துடிப்பு 122. எடை அதே 17.5, இறங்கலை.

வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கும் மாத்திரை எழுதித் தருவோம்னாங்க. எங்க ஊர் மெடிக்கல்ல 10 மில்லிகிராம் இல்லைன்னா 40 வாங்கி நாலா உடைச்சுக்கலாமா?

மருந்துக்கடை_சேது:

உடைக்காதீர்கள். 40-ஐ நாலாக உடைத்தால் ஒரு துண்டில் 7 இருக்கும், இன்னொன்றில் 14, பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே ஒரு மாதத்துக்கு 10-ஆகக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஊர்க் கடையில் அதே பெயரில் நீடித்து வேலை செய்கிற காப்ஸ்யூல் ஒன்றும் இருக்கும், "இதுவும் அதுதான்" என்று நீட்டுவார்கள், வாங்காதீர்கள். அதைப் பொடித்துக் கொடுத்தால் முழு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும்.

மாத்திரை எப்போதும் சாப்பாட்டோடு. பிள்ளை வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சாப்பிடாமல் கிடந்தால் அந்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் வார்டுக்குப் போன் போடுங்கள். இளைப்பு வந்தாலும், தூங்கும் பிள்ளையை எழுப்ப முடியாமல் போனாலும் போனில் நேரத்தைக் கடத்தாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி நன்றாகிவிட்டாள் என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைப்பார்கள். வார்டு நம்பரை அண்ணி போனில் மட்டுமல்ல, சுவரிலும் எழுதி வையுங்கள்.

மணப்பாறை_முத்து:

சேது அண்ணே, நான் பெரிய ஆளு மாதிரி பேசிட்டேன், விடுங்க. எங்க அப்பாவும் இதே மாத்திரைதான் போடுறாரு, அவருக்கும் நெஞ்சுச் சளி, இளைப்பு உண்டு. அவர் சாப்பிடலாமா?

மருந்துக்கடை_சேது:

முத்து, அந்தக் கேள்வியை இங்கே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரை அட்டையோடு நாளைக் காலையிலேயே அப்பாவை எழுதித் தந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மூச்சு இன்று ராத்திரியே திணறினால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.